நுரை விழுந்த குட்டை

காட்டோரப் பாறைக் குட்டையில் துள்ளான் என்றொரு நீர்ப்பூச்சி இருந்தான். தண்ணீர்தான் அவனுக்குத் தரை. கால்களை அகல விரித்து, பாதம் நனையாமல் சர்ரென்று ஓடுவான். தண்ணீருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று உண்டு. நீர்ப்பூச்சிகளின் பிழைப்பெல்லாம் அந்தத் தோலின் மேல்தான்.

குட்டையில் சாப்பாடு கிடைக்கும் இடம் மருத மரக் கிளைக்கு அடியில். பூவுக்கு வரும் ஈக்கள் அங்கேதான் தவறி விழும். அந்த இடத்தைத் துள்ளானின் மச்சான் நெட்டையன் வளைத்துப் போட்டிருந்தான்.

"மச்சான், இன்னைக்கு மட்டும் நான் நிக்கிறேனே. வயிறு ஒட்டிப்போச்சு."

"ஒட்டினா நல்லதுதானே? இன்னும் வேகமா ஓடலாம்."

துள்ளானுக்கு ஆறு கால்களும் எரிந்தன.

முந்தின நாள் ஒரு குரங்கு ஈரப் பாறையில் பூந்திக்கொட்டையைத் தேய்த்து நுரை ஊதி விளையாடியது. நுரை பட்ட இடத்தில், மிதந்துகொண்டிருந்த செத்த ஈ பொசுக்கென்று முழுகியது. துள்ளான் அதைப் பார்த்திருந்தான்.

"குரங்கண்ணே, மருத மரத்தடியில கொஞ்சம் நுரை போடுங்களேன். பார்க்க அழகா இருக்கும்."

"கொஞ்சம் என்னடா, ரெண்டு கையும் நிறையப் போடுறேன்."

நுரை விழுந்தது. நெட்டையன் குட்டைக்குக் குறுக்கே வழுக்கிக்கொண்டு போனான்.

"நான் ஓடலை, என்னை யாரோ ஓட்டுறாங்க!"

துள்ளான் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே தானும் வழுக்கினான். இது மச்சான் பக்கம், இது நம் பக்கம் என்று நுரைக்குத் தெரியுமா என்ன? அவன் பின்னங்கால் முதல் தடவையாக நனைந்தது. அப்புறம் வயிறு.

"மச்சான், முழுகுறேன்!"

"நானும்தான்டா!"

அப்போது அவர்களுக்கு அடியில் கருப்பாக ஏதோ எழும்பியது. ஆமை. இருவரையும் ஓட்டின் மேல் ஏந்திக்கொண்டு மேலே வந்தது.

"நீங்க முழுகலையா, ஆமையக்கா?" என்றான் துள்ளான்.

"நான் தண்ணியோட தோல் மேல நிக்கிறவ இல்லப்பா. என் உடம்பு தண்ணியை ஒதுக்கிட்டு இறங்குது. சுத்தியிருக்கிற தண்ணி என்னைத் தூக்கிப் பிடிக்குது. நுரை என்னை என்ன பண்ணும்?"

"இந்த நுரை எப்படி வந்துச்சு?" என்று கேட்டான் நெட்டையன்.

துள்ளான் தன் ஈரக் கால்களையே பார்த்தான். "நான்தான் போடச் சொன்னேன். உன்னை முழுகடிக்க."

நெட்டையன் அவன் பக்கம் திரும்பினான். "அப்ப நீ ஏன்டா கூடவே வந்தே?"

மழை வந்து குட்டை வழிந்து, நுரையெல்லாம் போகும்வரை இருவரும் அந்த ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருத மரத்தடியில் ஈக்கள் விழுந்தபடியே இருந்தன. விழுந்தவை மிதக்கவில்லை, நேரே அடிக்குப் போயின. இருவருக்கும் பட்டினி.

அடுத்தவனை வீழ்த்த அவன் நிற்கும் தரையைக் கரைப்பவன், தானும் அதே தரையில்தான் நிற்கிறான்.