கழட்ட முடியாத முகம்

ஒரு ஊர்ல ஒரு அரக்கன் இருந்தான். கோரைப்பல்லு நாலு, முழி ரெண்டும் தேங்காய் மூடி கணக்கா, நாக்கு நாடிக்குக் கீழ தொங்கும். போர்வையை இழுத்துக்காத தங்கம், இவன் நல்ல அரக்கன். காலையில எழுந்து கூழ் குடிப்பான், தன் பொண்ணுக்குத் தொட்டில் ஆட்டுவான். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் அரக்கன் அடுத்த அடி எடுத்து வைப்பான்.

"ம்."

நிஜ அரக்கன் இல்ல அவன். பேரு சடையாண்டி. அரண்மனைக் கூத்துல அரக்கன் வேஷம் கட்டுறவன். அந்த ஊர்ல பங்குனி மாசம் வந்தா அரண்மனை முத்தத்துல கூத்து நடக்கும். அரக்கன் குதிச்சு வந்து "ஹோய்ய்ய்!"னு உறுமுவான். சேனாபதி நடுங்குவாரு. பிரதானி நடுங்குவாரு. எல்லாரும் நடுங்கி முடிச்சதும் ராசா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, பூச்செண்டால அரக்கன் தலையில ஒரு தட்டு தட்டுவாரு. தொப்! அரக்கன் விழுந்துடுவான். விழுந்தா அந்த வருஷம் நல்ல மழை பெய்யும்னு ஊருக்கு நம்பிக்கை.

அந்த அரக்கன் முகம் இருக்கே, அது கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கினது. கனமே இருக்காது, ஆனா தோள் வரைக்கும் மறைக்கும். உள்ளுக்குள்ள ஒரு கயிறு. கயித்தை இழுத்தா கீழ்த்தாடை டக் டக்னு அடிச்சுக்கும்.

அந்த அரண்மனையில ஒரு வழக்கம். ஆடி மாசம் அந்த முகத்தை வேஷக்காரன் கையில கொடுப்பாங்க. பங்குனிக் கூத்து முடியுற வரைக்கும் அவன் அதைப் போட்டுக்கிட்டேதான் இருக்கணும். மனுஷனும் முகமும் ஒண்ணோட ஒண்ணு பழகணுமாம். விளக்கை அணைச்சப்புறம் இருட்டுல கழட்டி வச்சுட்டுத் தூங்கலாம். விடியறதுக்குள்ள மாட்டிக்கணும். நடுவுல ஒருத்தர் கண்ணுலயும் அவன் சொந்த முகம் படக் கூடாது.

"சாப்பிட?"

ஒரு கையால தாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கூழை உள்ள ஊத்திப்பான். பாதி கூழ் மார்ல வழியும். அவன் பெண்சாதி தெய்வானை திட்டிக்கிட்டே துடைச்சு விடுவா. "உங்களுக்குச் சோறு போடுறது பானைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி இருக்கு. உங்க மூக்கு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சுங்க."

வேற ஆளா இருந்தா இதெல்லாம் அலுத்துப் போயிருக்கும். சடையாண்டிக்கு அலுக்கல. ஏன்னா அவன் சரியான கூச்சக்காரன். கடையில நாலு பேர் நின்னா உப்பு கேக்க வாய் வராது. எதையோ கை காமிச்சுட்டு, உப்புக்குப் பதிலா புளியோட வீட்டுக்கு வருவான். ஆனா அந்த முகத்தை மாட்டிக்கிட்டா வேற ஆளு. ஆடுவான், பாடுவான், வம்பு பேசுவான், தெருவே அதிரும்.

அப்புறம் ஒரு ஆடியில, அவன் முகத்தை மாட்டிக்கிட்ட அதே வாரத்துல, அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு. மயிலுன்னு பேரு வச்சாங்க.

மயிலு கண்ணைத் தொறந்து முதல்ல யாரைப் பாத்துச்சு? அம்மாவை. ரெண்டாவதா?

"அரக்கனை!"

அரக்கனைத்தான். அது பயப்படல. அப்பான்னா இப்படித்தான் இருப்பாருன்னு நினைச்சுக்கிச்சு. தினமும் சாயங்காலம் சடையாண்டி வாசப்படியிலேர்ந்தே ஜங்கு ஜங்குன்னு இடது கால் தட்டி வருவான். தொட்டில்ல எட்டிப் பாத்து, தாடையை டக் டக்னு அடிச்சு, குடத்துக்குள்ள பேசுற குரல்ல கேப்பான்: "ஹோய்! யார்ரா அது தொட்டில்ல? தின்னட்டுமா, தூங்க வைக்கட்டுமா?"

மயிலு கெக்கெக்கேன்னு சிரிக்கும். அரக்கனோட கோரைப்பல்லைப் பிடிச்சுத் தொங்கும். நாக்கைச் சப்பும். நாக்குல பூசின சிவப்புச் சாயமெல்லாம் அதுக்குப் பொக்கை வாயில ஒட்டிக்கும்.

மழைக்காலம் போச்சு, பனிக்காலம் போச்சு. மயிலு தவழ ஆரம்பிச்சுது. பங்குனியும் வந்துச்சு. கூத்து நடந்துச்சு. ராசா பூச்செண்டால தட்டினாரு, சடையாண்டி தொப்புனு விழுந்தான். பிரதானி அந்த முகத்தை வாங்கிப் பட்டுத்துணியில சுத்தி, பெட்டியில வச்சு, மூடியை டப்புனு சாத்திட்டாரு.

சடையாண்டிக்கு ஒரே சந்தோஷம். ஆத்துல முங்கிக் குளிச்சான். தலையைப் படிய வாரினான். இன்னைக்கு என் பொண்ணு என்னை நிஜமா பாக்கப் போறான்னு ஓட்டமா ஓடி வந்தான்.

மயிலு வாசல்ல உக்காந்திருந்துச்சு. அவனைப் பாத்துச்சு. கீழ் உதடு மெல்லப் பிதுங்குச்சு. அப்புறம் வீஈஈல்!

"மயிலு, நான்தான்டி அப்பா," அப்படின்னான் சடையாண்டி. பழைய கூச்சத்துல முணுமுணுன்னுதான் சொன்னான்.

வீஈஈல்! அம்மா முந்தானைக்குள்ள மூஞ்சியை ஒளிச்சுக்கிச்சு.

தெய்வானை சிரிச்சுட்டா. "ஊருக்கே அரக்கனைக் கண்டாப் பயம். நம்ம வீட்டுல மனுஷனைக் கண்டாப் பயம்." ஆனா புருஷன் கண்ணு கலங்கினதைப் பாத்ததும் சிரிப்பை அடக்கிக்கிட்டா. "பழகிடுவா விடுங்க."

பழகல. அவன் எடுத்தா அழும். பக்கத்துல வந்தா அழும். சாயங்காலம் ஆனா வாசலைப் பாத்து உக்காந்திருக்கும், ஜங்கு ஜங்குன்னு யாரும் வர மாட்டாங்களான்னு.

அப்போ சடையாண்டி ஒரு யோசனை பண்ணினான். அடுப்புக்கரியை எடுத்துப் புருவம் வரைஞ்சான். கன்னத்துல மஞ்சள், மூக்குல குங்குமம். தொட்டில் கிட்டப் போனான். குங்குமம் மூக்குல ஏறி, ஹச்! ஹச்! ஹச்! தொட்டிலே ஆடிப் போச்சு. மயிலு அழுத அழுகையில பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரையில ஏறிடுச்சு.

அப்புறம் இன்னொரு யோசனை. முறத்துல சுண்ணாம்பால பெரிய முழி ரெண்டு வரைஞ்சு, தேங்காய் நாரைத் தாடியா ஒட்டி, முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டான். மயிலு முறத்தைப் பாத்துச் சிரிச்சுது. ஆஹா! மெல்ல முறத்தை இறக்கினான். முகம் தெரிஞ்சுதா, வீஈஈல்! மறுபடி மூடினான், சிரிப்பு. இறக்கினான், அழுகை. கடைசியில தெய்வானை, "கொடுங்க இப்படி, அரிசி புடைக்கணும்"னு முறத்தைப் பிடுங்கிக்கிட்டா.

மூணாவது யோசனை. கதவுக்கு வெளியில மறைஞ்சு நின்னு, மெதுவா, "மயிலு"ன்னு கூப்பிட்டான். மயிலு காதைத் தீட்டுச்சு. கொஞ்சம் தெரிஞ்ச குரல் மாதிரி இருக்கேன்னு சளக் சளக்னு தவழ்ந்து வந்துச்சு. கதவோரம் வந்து அண்ணாந்து பாத்துச்சு. அழல. அழாம, அவன் காலுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துச்சு. இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு.

"யாரைத் தேடுச்சு?"

அப்பாவைத்தான் தங்கம். அப்பா முன்னாலயே நின்னுக்கிட்டு இருந்தான்.

சடையாண்டி வாசப்படியில உக்காந்துட்டான். அன்னைக்குச் சோறும் இறங்கல.

விடிஞ்சதும் தெய்வானை பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சா. "கிளம்புங்க. அரண்மனைக்குப் போய் அந்த முகத்தைக் கொஞ்ச நாளைக்குக் கேப்போம்."

"நானா? ராசாகிட்டயா? இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டா?"

"வேற மூஞ்சிதான் இல்லையே, கிளம்புங்க."

போனாங்க. சபை நிறைய ஆளு. ராசா கேட்டாரு, "என்ன சடையாண்டி?" சடையாண்டி வாயைத் தொறந்தான், மூடினான், கால் கட்டை விரலைப் பாத்தான். தெய்வானைதான் எல்லாத்தையும் சொன்னா.

பிரதானி க்க்ஹும்னு இருமினாரு. "கூத்து முடிஞ்சப்புறம் வேஷக்காரன் முகத்தைத் தொடக் கூடாது. ஆடி பிறக்கட்டும், தரோம்."

"ஆடியில மறுபடியும் அதையே மாட்டிக்கிட்டா, என் பொண்ணு அவ அப்பாவை எப்பத்தான் சாமி பாப்பா?" அப்படின்னா தெய்வானை.

ராசா சிம்மாசனத்துல நெளிஞ்சாரு. "பிரதானி, வேஷக்காரன்தானே தொடக் கூடாது? ராசா தொடலாம் இல்ல?"

"க்க்ஹும். ராசா எதுக்கு மகாராசா?"

"எதுக்கா? இத்தனை வருஷமா பூச்செண்டால தட்டிக்கிட்டே இருக்கேன். ஒரு தடவையாவது என்னை உறும விட்டீங்களா? எடுங்க பெட்டியை!"

பெட்டி தொறந்துச்சு, க்ரீச். ராசா கிரீடத்தைக் கழட்டி பிரதானி கையில திணிச்சுட்டு, அரக்கன் முகத்தை மாட்டிக்கிட்டாரு. அதே முழி, அதே பல்லு. மயிலு பாத்துச்சு. கையை நீட்டுச்சு. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ராசா கயித்தை இழுத்தாரு, டக். குனிஞ்சு, "ஹோய்!"னாரு.

நீட்டின கை நின்னுச்சு. உதடு பிதுங்குச்சு. வீஈஈஈஈல்!

"நல்லாத்தானே உறுமினேன்?" அப்படின்னாரு ராசா உள்ளேர்ந்து.

"பிரமாதம் மகாராசா," அப்படின்னுச்சு சபை.

மயிலு அழுத அழுகை இருக்கே, அது முன்ன மாதிரி இல்ல. ஏங்கி ஏங்கி, மூஞ்சி செவந்து போய் அழுதுது. கட்டை அதே கட்டைதான். உள்ள அப்பா இல்லையே. தெய்வானை கீழ இறக்கி விட்டு, தட்டிக் கொடுத்து, என்னவெல்லாமோ பண்ணிப் பாத்தா. நிக்கல.

சடையாண்டி சபைக்கு நடுவுல நின்னான். சுத்திலும் கண்ணு, அத்தனையும் அவன் வெறும் முகத்து மேல. காது சுட்டுச்சு. ஓடிடலாமான்னு இருந்துச்சு. ஆனா பொண்ணு அழுவுறாளே.

கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். இடது காலைத் தூக்கினான்.

ஜங்!

சபை திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும். ஜங்கு, ஜங்கு! கையை விரிச்சு, தலையைச் சிலுப்பி, அரக்கன் அடவு முழுசையும் போட்டான். கயிறு இல்ல, அதனால பல்லாலயே டக் டக்னு அடிச்சான். ரெண்டு கையையும் வாய்கிட்ட குடம் மாதிரி குவிச்சான்.

"ஹோய்! யார்ரா அது கீழ? தின்னட்டுமா, தூங்க வைக்கட்டுமா?"

அழுகை நின்னுச்சு.

மயிலு ஒரு விக்கல் விக்குச்சு. தலையைச் சாய்ச்சு அவனைப் பாத்துச்சு. அப்புறம் சளக் சளக்னு தவழ்ந்துச்சு. முகம் மாட்டின ராசாவைத் தாண்டிப் போச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. சடையாண்டி காலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுச்சு. அவன் தூக்கினான். இன்னும் கண்ணைத் தொறக்கல, பயம். ஒரு பிஞ்சு விரல் அவன் மூக்கைப் பிடிச்சுது. இழுத்துச்சு.

"எதுக்கு?"

அது என்ன நினைச்சுது தெரியுமா? இதுவும் ஒரு மாட்டுற முகம், இதைக் கழட்டினா அப்பா உள்ள இருப்பாருன்னு நினைச்சுது! மூக்கை இழுத்துச்சு, வரல. ரெண்டு காதையும் இழுத்துச்சு, வரல. மீசையைக் கொத்தாப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்துச்சு.

"ஹோய்ய்ய்!" நிஜ உறுமல், நிஜ வலி.

கெக்கெக்கேன்னு சிரிச்சுது மயிலு. வாய்க்குள்ள விரலை விட்டுப் பல்லைத் தடவிப் பாத்துச்சு. விரலை எடுத்ததும் சடையாண்டி பல்லை டக்னு அடிச்சான். சரி, இதைக் கழட்ட முடியாது, இதுதான் அப்பான்னு முடிவு பண்ணிட்டு, அவன் தோள்ல கன்னத்தை வச்சுப் படுத்துக்கிச்சு. அழுத களைப்பு, அப்படியே கண்ணு சொக்கிப் போச்சு.

ராசா அரக்கன் முகத்தைக் கழட்டினாரு. சபையில அரக்கன் ஆடிட்டானே, வழக்கத்தை விடலாமா? பூச்செண்டை எடுத்துட்டு வந்து சடையாண்டி தலையில ஒரு தட்டு தட்டினாரு.

அவன் விழல.

இன்னொரு தட்டு. விழல. பிரதானி இருமினாரு. "சடையாண்டி, விழணும்ப்பா."

சடையாண்டி கண்ணைத் தொறந்தான். ராசா முகத்தை நேரா பாத்தான். "இந்தத் தடவை விழ முடியாது மகாராசா. தோள்ல புள்ள தூங்குது."

அரக்கன் குரல் இல்லாம, வெறும் முகத்தோட அவன் சபையில பேசின முதல் பேச்சு அதுதான். ராசா சிரிச்சாரு. கழட்டும்போது அரக்கன் நாக்கு உரசி, மூஞ்சி முழுக்க அவருக்குச் சிவப்புச் சாயம். "உஷ்," அப்படின்னு சபையைப் பாத்துச் சொன்னாரு. பிரதானிகூட இருமலை அடக்கிக்கிட்டாரு.

"மழை?"

பெய்ஞ்சுது, பெய்ஞ்சுது. ஆடி பிறந்ததும் முகத்தைக் கொடுக்கும்போது, வீட்டு வாசப்படிக்குள்ள இதைக் கழட்டிக்கலாம்னு ராசா சொல்லிட்டாரு. சாயங்காலம் ஆனா மயிலு தன் கையாலயே அதைத் தூக்கிக் கழட்டும். கழட்டிட்டு, சந்தேகத்துக்கு மூக்கையும் ஒரு தடவை இழுத்துப் பாக்கும். சடையாண்டியும் இப்ப கடைக்குப் போனா உப்புதான் வாங்கிட்டு வரான். அதுவும் சத்தமா கேட்டு.

ம் காணோமே?

"...ம்."

ஹோய், யார்ரா அது போர்வைக்குள்ள? தின்னட்டுமா, தூங்க வைக்கட்டுமா?

...

சரி. முகம் பெட்டிக்குள்ள போச்சு, மயிலு தொட்டிலுக்குள்ள போச்சு, கதை உன் கண்ணுக்குள்ள போயிடுச்சு. இமையைச் சாத்திக்கோ, தங்கம்.