விதைநெல்லுக்கு ஜாதிக்காய்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை என்றொரு நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காற்றடித்த பக்கம் சாய்கிற புத்தி. ஒரு வருஷம் புறா வளர்ப்பான், மறு வருஷம் மல்யுத்தம் என்பான். அந்த வருஷம் அவனைப் பிடித்தது ஜாதிக்காய்ப் பைத்தியம்.

பிடிக்க வைத்தவன் இலாபநம்பி. எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஆலோசனை சொல்வதற்கென்றே சபையில் இடம் பிடித்தவன். மந்திரி கூத்தப்பரின் ஆசனத்தின் மேலும் அவனுக்கு ஒரு கண். "துறைமுகத்தில் ஜாதிக்காய் விலை ஏறுகிறது பிரபு, வாங்குங்கள்" என்றான். ராஜா வாங்கினான். விலை ஏறியது. இன்னும் வாங்கினான். இன்னும் ஏறியது. நடுவில் கொஞ்சம் இறங்கியபோது, "வாங்குவதற்கு இதைவிட நல்ல வேளை உண்டா?" என்றான் இலாபநம்பி. ஏறினாலும் இறங்கினாலும் அவன் கூலி மட்டும் தவறாது. அரண்மனை வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூட்டை நெல் அவன் வீட்டுக்குப் போய்விடும்.

கஜானா காலியானதும் அவன் பார்வை அரண்மனைக் களஞ்சியத்தில் விழுந்தது. அங்கே இருந்தது விதைநெல். அந்த நாட்டில் ஒரு வழக்கம். பசி பொறுக்காமல் விதையையே சமைத்துவிடக் கூடாதென்று, குடியானவர்கள் அறுப்பு முடிந்ததும் விதைநெல்லை அரண்மனையில் கொண்டுவந்து போட்டு வைப்பார்கள். ஆடி பிறந்ததும் திரும்ப வாங்கிப் போவார்கள்.

ஆடி பிறந்துவிட்டது. கோட்டை வாசலில் சனங்கள் காலிச் சாக்குகளோடு நின்றார்கள். முன்னால் நின்ற பொன்னுருவி, இடுப்பில் பிள்ளையோடு, காலையில் கூத்தப்பரை மறித்துக் கேட்டாள்: "ஐயா, மழை பேஞ்சு ஓஞ்சிருச்சு. ஈரம் காஞ்சா அப்புறம் எங்க போயி விதைக்க? நெல்லு எப்பங்க தருவீக?"

"இன்றைக்கே தாயி" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் சபைக்குள் வந்தார்.

உள்ளே இலாபநம்பி பேசிக்கொண்டிருந்தான். "களஞ்சியத்தில் நெல் சும்மா தூங்குகிறது பிரபு. துறைமுகத்தில் அதைக் கொடுத்து ஜாதிக்காய் வாங்கினால் ஆவணி பிறப்பதற்குள் மும்மடங்கு! ஒரு மாதம் தாமதித்து விதைத்தால் குடிமுழுகிப் போகாது."

கூத்தப்பர் முன்னால் வந்தார். "மன்னா, ஜாதிக்காயை யார் இவ்வளவு தின்கிறார்கள்? பாயசத்துக்கு ஒரு சிட்டிகை போதுமே. பிறகு எதனால் விலை ஏறுகிறது?"

"மந்திரியாருக்கு வயசாகிவிட்டது. ஏற்றத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது" என்றான் இலாபநம்பி. சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். "பொழுது சாய்வதற்குள் விதைநெல்லை வண்டியில் ஏற்றுங்கள்" என்று உத்தரவும் போட்டான்.

இலாபநம்பியின் குடுமியைப் பிடித்து இழுத்துப்போய் வாசலில் நிற்கும் பொன்னுருவியின் முன்னால் தள்ள வேண்டும் போலிருந்தது கூத்தப்பருக்கு. ஆனால் கத்துகிறவனைக் காவலர்கள் வெளியே தள்ளுவார்கள். அப்புறம் நெல் போய்விடும். கோபத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"என் மரமண்டைக்கு இப்போதுதான் புரிகிறது மன்னா. இவ்வளவு செய்த நம்பிக்கு நாம் என்ன செய்தோம்? வெறும் நெல்லைக் கூலியாகக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறோம்! இந்த மும்மடங்கு லாபத்தை அவருக்கே விடுவோம். நம்மிடமுள்ள ஜாதிக்காயை இன்றைய விலைக்கே கொடுத்துவிட்டு, அவர் வீட்டு நெல்லை வாங்கிக்கொள்வோம்."

"ஆகா! கொடுத்தோம்!" என்றான் ராஜா.

இலாபநம்பியின் முகம் சுண்டிப்போனது. "எதற்குப் பிரபு... அடியேனுக்கு அந்த வாசனையே ஆகாது."

"அரண்மனையிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்றார் கூத்தப்பர். "பாதி விலைக்குத் தருகிறோம்."

"வேண்டாம்."

"கால் விலைக்கு?"

இலாபநம்பி தலையை ஆட்டி மறுத்தான். ராஜாவுக்குச் சிரிப்பு நின்றது. "கால் விலைக்குமா வேண்டாம்? அப்படியானால் யாருக்காவது விற்றுக் கொடு, பார்ப்போம்."

"ஐயோ, விற்கக் கூடாது பிரபு!" பதறிப்போய் வாய் தவறியது அவனுக்கு. "வாங்குவதே அரண்மனை ஒன்றுதான். அரண்மனையே விற்கிறதென்று தெரிந்தால் துறைமுகத்தில் ஒரு நாய்கூட முகர்ந்து பார்க்காது!"

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் கூத்தப்பருக்கு அப்போதுதான் பீறிட்டது.

"கேட்டீர்களா மன்னா! நாம் வாங்கினோம், விலை ஏறியது. விலை ஏறியதென்று மறுபடி வாங்கினோம். இது வியாபாரமா? தன் நிழலைத் தானே துரத்துகிற கூத்து. அதற்கு இவன் கூலியும் வாங்கியிருக்கிறான், எது சோறாகுமோ அதிலே! ஜாதிக்காய் உங்களுக்கு, நெல் அவனுக்கு. கஜானா உங்களுடையது, தொலைத்தீர்கள், போகட்டும். களஞ்சியத்தில் இருப்பது யாருடையது? நம்பிப் போட்டு வைத்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

ராஜாவுக்குக் காது சிவந்தது. வெட்கம் அவனைத் தின்றது. இலாபநம்பி வாங்கிய கூலி நெல் அத்தனையும் கஜானாவுக்குத் திரும்பட்டும், அவன் கூலியை அவன் சொன்ன விலைக்கே ஜாதிக்காயாக அளந்து கொடுங்கள், பதவியும் இல்லை என்றான். ஜாதிக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போதுகூட இலாபநம்பி, "பொறுத்திருந்தால் ஏறும் பிரபு" என்றுதான் சொன்னான்.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?" என்றான் ராஜா.

"விதைநெல்லில் முதல் மூட்டையை நீங்கள் சுமந்து போய்க் கொடுக்க வேண்டும் மன்னா."

ராஜா பட்டு அங்கவஸ்திரத்தைக் கழற்றிவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினான். வாசல்வரை வருவதற்குள் வியர்த்துக் கொட்டியது. பொன்னுருவியின் காலடியில் இறக்கினான். அவள் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு மூட்டையைப் பிரித்து, முளைக்கிற நெல்தானா என்று நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாள்.

"என் மேல் நம்பிக்கை இல்லையா அம்மா?" என்று கேட்டான் ராஜா.

"நெல்லு மேல இருக்கு ராசா" என்று சொல்லிவிட்டு, மூட்டையின் அடியில் கையை விட்டு இன்னும் நாலு நெல்லை எடுத்துக் கடித்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை ராஜா அங்கேயே நின்றான்.