முள்ளம்பன்றிக்கு ஆறு பொன்னாடை

தேன்மலைக் காட்டில் குளம் வற்றிக்கொண்டே வந்தது.

"இன்னும் பத்து நாள் தாங்கும். அப்புறம் நாங்க கீழே இறங்கிடுவோம்" என்றது மான் கூட்டத்தின் தலைவன்.

கீழே வேடர்கள் வலை விரித்துக் காத்திருந்தார்கள். இறங்கினால் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலம்பாயி என்ற முள்ளம்பன்றி பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். அவள் குட்டிகள் இரண்டுக்கும் இன்னும் முள்கூட முற்றவில்லை. அதுகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்?

அன்று மலை உச்சியில் கிழங்கு தோண்டப் போனவள் ஒன்றைப் பார்த்தாள். சுனைக்கு அடியில் பிளந்த மூங்கில் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஒரு முனையில் விழுந்த தண்ணீர், சிந்தாமல் சிதறாமல் மறுமுனைக்கு ஓடி வந்து கொட்டியது.

இப்படி நூறு மூங்கிலைக் குளம்வரை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தால்? ஒரே ஓட்டமாக வேங்கை ராஜாவிடம் ஓடினாள்.

ராஜா கேட்டுவிட்டுத் துள்ளி எழுந்தார். "நம்ம காட்டில் இப்படி ஒரு மூளையா! மந்திரி, இவளுக்கு என்ன செய்யலாம்?"

மயில் மந்திரி தோகையை விரித்தது. "பாராட்டு விழா எடுக்கலாம், ராஜா."

எடுத்தார்கள். தூக்கணாங்குருவிகள் பின்னிய பொன்னாடையை ராஜாவே போர்த்தினார். அது முள்ளில் மாட்டிக்கொண்டது. கழற்றப் போன குரங்குக்கு விரலெல்லாம் ரத்தம். மறுநாள் கரடிகள் விழா எடுத்தன. அதற்கடுத்த நாள் காட்டெருமைகள். தினமும் ஒரு பொன்னாடை, பத்துப் பேச்சு. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை மேடையில்தான். நடுவே கிடைத்த நேரத்தில் அவள் உள்ளே தண்ணீரை மறிக்கும் கணுவைக் கடித்தெடுத்துச் சரிசெய்தது ஒன்றரை மூங்கில்.

ஏழாம் நாள் ராஜா குளக்கரையில் வந்து நின்று உறுமினார். "ஆறு விழா எடுத்தாச்சு, சிலம்பாயி. தண்ணி எங்கே?"

சிலம்பாயி ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் குட்டிகள் கண்முன் வந்தன.

"ராஜா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கொடுத்ததெல்லாம் என் முதுகில இருக்கு. எனக்கு வேண்டியது மலைமேல இருக்கு."

"என்ன வேணும், சொல்லு."

"மூங்கில் ஒடிக்க யானைங்க வேணும். கணு கடிக்க எலிப் பட்டாளம் வேணும். வேலை முடியற வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. முதல் தடவை சரியா வரலைன்னா அடிக்க வரக் கூடாது."

ராஜா அவள் முதுகைப் பார்த்தார். கிழிந்து தொங்கிய ஆறு பொன்னாடைகளையும் பார்த்தார். மீசை தொங்கிப்போனது.

"மந்திரி, மேடையைப் பிரி" என்றார். "யானைகளே, மலைக்கு நடங்க!"

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த வேகத்தை! யானைகள் மூங்கிலை ஒடித்து மிதித்தன. அது பட்டென்று இரண்டாகப் பிளந்தது. எலிகள் கணுவைக் கறகறவென்று கடித்தன. மூன்றே நாளில் மூங்கில் வரிசை மலையிலிருந்து குளம்வரை இறங்கிவிட்டது.

பத்தாம் நாள் காலை தண்ணீரைத் திறந்தார்கள். ஓடி வந்தது, ஓடி வந்தது, நடுப்பள்ளத்தில் மூங்கில் தொய்ந்து அத்தனையும் மண்ணில் கொட்டியது.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றது மயில். மான்கள் கீழே இறங்கும் பாதையில் திரும்பின.

"எனக்காகப் பொழுது சாயற வரைக்கும் பொறுங்க" என்ற ராஜா, சிலம்பாயியிடம் திரும்பினார். "இப்ப என்ன வேணும்?"

"தாங்குறதுக்கு ஒரு கல் தூண், ராஜா. ஆனா எவ்வளவு உயரம்னு தெரியலையே."

ராஜா சட்டென்று பள்ளத்தில் குதித்து, மூங்கிலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். சேறு முழங்கால்வரை ஏறியது.

"கொஞ்சம் குனியுங்க, ராஜா. இல்லை, ரொம்பக் குனிஞ்சிட்டீங்க. ஒரு விரல் மேலே. ஆங், அப்படியே!"

தண்ணீர் ராஜாவின் முதுகைத் தாண்டிச் சலசலவென்று ஓடியது.

"எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?"

"கல் வர்ற வரைக்கும், ராஜா. வால்கூட ஆட்டாதீங்க."

யானைகள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் பாறைகளைக் கொண்டுவந்து அதே உயரத்துக்கு அடுக்கின. வெயில் இறங்குவதற்குள் குளத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாதையில் காத்து நின்ற மான்கள் காதைத் தூக்கின. அடுத்த நொடி எல்லாம் குளத்தைப் பார்த்துப் பாய்ந்தன. சிலம்பாயியின் குட்டிகள் அதற்கு முன்பே தலையை உள்ளே விட்டிருந்தன.

அறிவாளியைப் புகழ்ந்தால் மட்டும் நாடு செழிக்காது. அவர் வேலைக்கு வேண்டியதைக் கொடுத்து, தவறிப்போகும்போதும் தோள் கொடுக்கிற அரசே நாட்டை வாழ வைக்கும்.