பதில் எழுத வேண்டாம்

குருன்னதும் தாடியத் தேடாதீங்க. இந்தக் கதையில குரு ரெஜினா டீச்சர். வயசு முப்பத்தாறு. பாளையங்கோட்டையில ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில உக்காந்து, மெயில் அனுப்பி வியாபாரம் பண்றது எப்படின்னு கடைக்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவங்க. சீடரு ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்கு வயசு அம்பத்திமூணு. தாடி அவருக்குத்தான் இருந்துச்சு. அதுவும் எடுங்கன்னு சொல்ல வீட்டுல ஆளு இல்லாததால.

அண்ணாச்சி கல்யாணம் பண்ணிக்கல. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டு, பெறகு மறந்தே போயிட்டாரு. இருபத்தாறு வருசம் பம்புசெட்டு வித்தாரு. அந்தக் கம்பெனிய மூடுனதும் ஒரு விதைக்கடையில சேந்தாரு. மாடித்தோட்டம் போடுறவங்களுக்குத் தபால்ல விதை அனுப்புற கடை. வாங்குன நாலாயிரம் பேருக்கும் வாராவாரம் மெயில் எழுதுறது இவரு வேலை.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் எல்லா வித்தையும் காட்டிட்டாரு. பாவக்காயக் கசக்காம வறுக்குறது எப்படின்னு எழுதுனாரு. ஒரு விதையப் பெருசா போட்டோ புடிச்சு, இது என்ன சொல்லுங்கன்னு போட்டி வச்சாரு. கத்திரிக்கா தன் கதைய தானே சொல்ற மாதிரி ஆறு வாரம் தொடர் எழுதுனாரு. ஆறாவது வாரம் கத்திரிக்காய்க்கே சலிச்சுப் போயிருக்கும். 'கடைசி வாய்ப்பு'ன்னு மட்டும் பதினோரு தடவ அனுப்பியாச்சு.

ஒரு பதிலும் வரல.

மொதலாளி பாத்தாரு. மாசக் கடைசிக்குள்ள ஒருத்தராவது திரும்பி எழுதலன்னா மெயில நிறுத்திருவோம், நீங்களும் நின்னுக்கிடலாம்னு சொல்லிட்டாரு. மாசத்துல மிச்சம் ரெண்டு நாளு.

நின்னா எங்க போயி நிக்க? ரூமுக்குப் போனா டிவி பேசும், இவரு கேப்பாரு. இவரு பேசுனா டிவி கேக்காது.

அதனால டீச்சர் முன்னால வந்து உக்காந்தாரு.

"டீச்சர், என்ன எழுதுனா பதிலு வரும்?"

டீச்சர் அவரு போன வாங்கி, அவருக்கு வந்த மெயில ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தாங்க.

"நேத்து உங்களுக்குப் பொறந்த நாளா அண்ணாச்சி?"

அவரு மேசையப் பாத்தாரு. வாழ்த்து ஒம்பது வந்திருந்துச்சு. பேங்கு, இன்சூரன்ஸ், மூக்குக்கண்ணாடி வாங்குன கடை, பத்து வருசம் முன்னால எப்பவோ ரெண்டு டைல்ஸு வாங்குன கடை. ஆளுன்னு ஒருத்தரும் இல்ல.

"எதுக்காவது பதிலு எழுதுனீங்களா?"

"இல்ல."

டீச்சர் கண்ணு போன விட்டு நகரல.

"கண்ணாடிக்கடைக்கு மட்டும்."

அத டீச்சர் சத்தமா படிச்சாங்க. "வாழ்த்துக்கு நன்றி. கண்ணாடி நல்லா இருக்கு. பஸ்ஸு போர்டு தூரத்துலயே தெரியுது. இன்னைக்கு ஹோட்டல்ல சேமியாப் பாயசம் சாப்பிட்டேன். இப்படிக்கு ஐயம்பெருமாள்."

அதே நிமிசத்துல வந்த பதிலு கீழயே இருந்துச்சு. அதையும் படிச்சாங்க. "இது தானாக அனுப்பப்படும் மடல். பதில் எழுத வேண்டாம். இந்த முகவரியை யாரும் பார்ப்பதில்லை."

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தெரியாம எழுதிட்டேன்னாரு.

அடுத்து டீச்சர் அவரு அனுப்புன விதைக்கடை மெயிலு ஒண்ணத் திறந்தாங்க. தள்ளித் தள்ளி அடி வரைக்கும் போனாங்க. கடை பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, அதே வரி.

"இதை யாரு போட்டா?"

"நாந்தான். எல்லாரும் போடுறாங்களே டீச்சர். லெட்டருக்கு மேல பிள்ளையார் சுழி மாதிரி, மெயிலுக்குக் கீழ இது போலன்னு நெனச்சேன்."

டீச்சர் சிரிக்கல. இந்த முகவரிக்கு வர்றத யாரு பாக்குறான்னு கேட்டாங்க. யாரும் பாக்குறதில்ல, அது அனுப்புறதுக்கு மட்டுந்தான்னாரு. பதிலு வந்தா கடையோட இன்னொரு மெயில் முகவரிக்குத்தான் வரும்னு அவரும் மொதலாளியும் அங்கயே காத்துக் கெடந்திருக்காங்க. இந்த முகவரியோட பாஸ்வேர்ட மொத நாளே ஒரு வெண்டைக்கா விதைப் பாக்கெட்டு பின்னால எழுதிப் பர்சுல வச்சிருந்தாரு. டீச்சர் அதப் பாத்துத் தன் கம்ப்யூட்டர்ல அடிச்சாங்க.

திறந்தாங்க.

இருநூத்திப் பதினாலு மெயிலு. ஒண்ணக்கூட யாரும் படிக்கல.

அண்ணாச்சி கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டுனாரு.

கடலூர்ல ஒரு அம்மா, பாவக்கா கொத்துக் கொத்தா காய்ச்சிருக்கு, நான் ஒரு ஆளு, எவ்வளவுதான் திங்கன்னு கேட்டிருந்தாங்க. திருச்சிக்காரரு ஒருத்தரு கத்திரிக்கா தொடருக்கு ஆறு வாரமும் எழுதியிருந்தாரு. ஏழாவது வாரம் ஏன் வரல, கத்திரிக்காய்க்கு ஒடம்பு சரியில்லையான்னு விசாரிச்சிருந்தாரு.

ஓசூர்லருந்து ஒருத்தரு எழுதுனத அண்ணாச்சி ரெண்டு தடவ படிச்சாரு. "பதில் எழுத வேண்டாம்னு போட்டிருக்கீங்க. பாக்க மாட்டீங்கன்னு தெரியும். அதனாலதான் கூச்சமில்லாம எழுதுறேன். இன்னைக்குப் பூசணி பூத்திருக்கு. வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல."

மொதலாளிகிட்டக் காட்டுனாப் போதும், வேலை தப்பிச்சுது. அண்ணாச்சி போன எடுத்தாரு. பெறகு கீழ வச்சிட்டு, ஓசூர்க்காரருக்குப் பதிலு எழுத கீபோர்டு மேல கைய வச்சாரு. நாலாயிரம் பேருக்கு எழுதுன கை. ஒரு ஆளுக்கு எழுத வரல.

"இவருக்கு என்ன எழுதணும் டீச்சர்?"

டீச்சர் நாற்காலிய அவரு பக்கமா இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"நேத்துப் பாயசம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"