வெள்ளாயியின் பழங்கூட்டுக் கடை

சில்லைக்குருவி வெள்ளாயிக்கு நடந்தது பச்சை அநியாயம். அவள் யார் கூட்டையும் திருடவில்லை. யாரையும் கூட்டைவிட்டு விரட்டவில்லை. தூக்கணாங்குருவிகள் வேண்டாமென்று விட்டுப்போன கூடுகளை எடுத்துச் சரிசெய்து, கூடில்லாத பறவைகளுக்குக் கொடுத்தாள். அதற்காகக் குளக்கரையே ஒன்றுகூடி அவள் கடையைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தது.

அந்தக் குளக்கரையில் ஒரு பனைமரம் நின்றது. பனை முழுக்கத் தூக்கணாங்குருவிகள். அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண்குருவி வந்து உள்ளே நுழைந்து, இங்கே இழுத்து, அங்கே கொத்திப் பார்க்கும். பிடித்தால் குடியேறும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். அதன்பிறகு ஆண்குருவி அந்தக் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கரைக்குப் போய் நாணலைக் கிழித்துவந்து அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். அதனால் பனையில் குடியிருக்கும் கூடுகளைவிட, கைவிட்ட கூடுகள்தான் அதிகமாகத் தொங்கின.

வெள்ளாயி அந்தக் கூடுகளை மைனாக்களின் துணையோடு, கரையைவிட்டுச் சற்றுத் தள்ளித் தான் குடியிருந்த கருவேல மரத்துக்குக் கொண்டுவந்தாள். ஓட்டையில் புல் வைத்துப் பின்னினாள். உள்ளே பஞ்சு விரித்தாள். கூடு வேண்டியவர்கள் முடிந்த அளவு தானியம் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தானியம் அவள் வயிற்றுக்கு அல்ல. வல்லூறு தாயைத் தூக்கிக்கொண்டு போனபின் தனியாக நின்ற குஞ்சுகள் கருவேலத்தில் இருந்தன. அடைமழையில் யாரும் இரை தேட முடியாது. அப்போது அந்தக் குஞ்சுகளுக்கு அதுதான் சோறு.

"ஏ வெள்ளாயி, இதுல பேன் கீன் இருக்காதே?" என்று கேட்டது ஒரு சிட்டுக்குருவி.

"வேப்பிலை போட்டு வெயில்ல காயவச்சிருக்கேன் அக்கா. நீங்க வரும்போது உங்க பேனைக் கொண்டு வராம இருந்தாச் சரி!"

சிட்டுக்குருவி சிரித்துக்கொண்டே கூட்டை எடுத்துப்போனது.

நாணலுக்குள் குடியிருந்த கானாங்கோழிக்கு இந்தக் கடையால் பெரிய நிம்மதி. "நீ ஒரு பழைய கூடு குடுத்தா, என் நாணல்ல ஒரு பிடி மிஞ்சுது பாத்துக்க! இந்த வருசம்தான்டி என் தலைக்கு மேல நிழல்னு ஒண்ணு நிக்குது" என்றது அது.

இதில் யாருக்கு என்ன கெடுதல்? யாருக்கும் இல்லை. ஆனால் ஒருவனுக்கு வயிறு எரிந்தது.

அவன் பெயர் மஞ்சமுடி. தூக்கணாங்குருவிகளின் தலைவன். சிட்டுக்குருவி எடுத்துப்போனது அவன் கட்டிய கூடுதான். பெண்குருவிகள் வரிசையாக வந்து பார்த்து, வேண்டாமென்று போன கூடு. அதில் சிட்டுக்குருவி குஞ்சு பொரித்துவிட்டது என்ற செய்தி பனைக்கு வந்ததும், இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணே, உங்க கூட்டுல குவாகுவான்னு சத்தமாமே! அப்ப கூட்டுல ஒரு குறையும் இல்ல போலிருக்கு. குறை கட்டுன ஆள்லதானோ?"

பனையே குலுங்கிச் சிரித்தது. மஞ்சமுடிக்கு முகம் கறுத்துப்போனது. அன்று மாலையே கிளைகிளையாகப் போய்ப் பேச ஆரம்பித்தான்.

"அந்தக் கருவேல மரத்துல தொங்குறதெல்லாம் செத்தவங்க கூடு. அடுத்தவன் கழிச்சதுல குடியிருந்தா தரித்திரம் பிடிக்கும். அந்தக் குஞ்சுக்கு இறக்கையே முளைக்காது, பாத்துக்கிட்டே இருங்க!"

பொய்க்குக் கால் வேண்டாம். இறக்கையுள்ளவர்கள் ஊரில் அதைச் சுமக்க ஆளா இல்லை? ஒரே வாரத்தில் கடைப்பக்கம் வரவே எல்லோரும் கூசினார்கள். வந்தவர்களும் இருட்டியபின் வந்தார்கள்.

கடைசியில் பனையடியில் பஞ்சாயத்து கூடியது. எப்போதும் ஒற்றைக்காலில் நின்று யோசிப்பதுபோல் தோன்றும் மடையான் கொக்குதான் தலைவர்.

"வெள்ளாயி, ஊரு உன்மேல குத்தம் சொல்லுது. என்ன சொல்ற?"

"பெரியவரே, நான் ஒண்ணு கேக்கறேன். அதோ கிளியம்மா இருக்காங்களே, அவங்க பொந்தை யாரு குடைஞ்சது? மரங்கொத்தி குடைஞ்சு, இருந்துட்டு, விட்டுட்டுப் போனது. அது பழசுதானே? கிளியம்மாவுக்குத் தரித்திரம் பிடிச்சிருக்கா?"

கிளிக்குச் சிறகு சிலிர்த்தது. "ஏய், யாரைப் பாத்து என்ன பேசுற! எங்களுது பரம்பரைப் பொந்து! உன் குப்பையும் அதுவும் ஒண்ணா?"

"உங்ககிட்ட இருந்தா பரம்பரை. ஏழைகிட்ட இருந்தா குப்பையா?"

வெள்ளாயி சிட்டுக்குருவியைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க குஞ்சுங்க நல்லாத்தானே இருக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

சிட்டுக்குருவி தலையைக் குனிந்துகொண்டது. "எங்களுதா? எங்களுது புதுக்கூடு. நாங்களே கட்டுனது" என்றது.

மஞ்சமுடி எறிந்த எந்தச் சொல்லும் வெள்ளாயியை இப்படித் தைக்கவில்லை.

மடையான் தொண்டையைச் செருமியது. "பொண்ணு பேச்சுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா ஊர் ஒத்துமைன்னு ஒண்ணு இருக்கில்ல? எல்லாக் கூட்டையும் குளத்துல போட்டுருங்க. தண்ணி கொண்டுபோயிடும்."

"எங்க கொண்டுபோகும்?" என்று கேட்டாள் வெள்ளாயி.

அதற்குள் எல்லோரும் கருவேலத்துக்குப் பறந்துவிட்டார்கள். கூடுகளைப் பிய்த்தார்கள். சேர்த்துவைத்த தானியமும் தீட்டு என்று சேற்றில் கொட்டினார்கள். கூடுகள் மிதந்தன. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் போயின. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்றுதானே அர்த்தம்! எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

இனி எல்லோருக்கும் புதுக்கூடுதான் வேண்டும். சிட்டுக்குருவிகள் நாணலைக் கிழித்தன. தினைக்குருவிகள் கிழித்தன. தூக்கணாங்குருவிகள் கேட்கவே வேண்டாம். கரையில் நாணல் மொட்டையானது. போட்டி வந்ததும் வேரோடு பிடுங்கினார்கள்.

"அட பாவிகளா! கரையைப் பிடிச்சு நிறுத்துறதே இந்த வேர்தான்டா!" என்று கத்தியது கானாங்கோழி.

"உன் வீடு போகுதுன்னு நீ கத்துற. ஊருக்காகப் பேசற மாதிரி நடிக்காதே!" என்றான் மஞ்சமுடி.

மழை பிடித்தது. விடாமல் பெய்தது. கருவேலத்தில் குஞ்சுகள் பசியில் கத்தின. வெள்ளாயி நனைந்த இறக்கையோடு கிளைகிளையாகப் போய்க் கையேந்தினாள். "எங்களுக்கே இல்லம்மா" என்றது கிளி, பொந்தின் வாயை உடம்பால் மறைத்துக்கொண்டு. இருந்த ஒன்றிரண்டு மணியை வெள்ளாயி பங்கிட்டாள். ஆனாலும் குஞ்சுகளிலேயே சின்னது ஒரு காலையில் கத்தவில்லை. அவள் அலகால் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

குளம் நிரம்பியது. உபரித் தண்ணீர் மதகு வழியாக வெளியேற வேண்டும். ஆனால் வெளியேறவில்லை. தண்ணீர் கொண்டுபோன கூடுகளெல்லாம் மதகின் வாயில் போய் அடைத்துக்கொண்டு, சேறும் சருகும் சேர்ந்து சுவர்போல இறுகியிருந்தன. தண்ணீர் ஏறியது. வேரில்லாத கரை எத்தனை நேரம் தாங்கும்? பட்டப்பகலில், எல்லோர் கண்முன்னாலும், பனையடியில் கரை உடைந்தது. பனை சாய்ந்தது. அதில் தொங்கிய அத்தனை புதுக்கூடுகளும் வெள்ளத்தோடு போயின.

மழை விட்டபோது குளம் வெறும் சேறு. மடையான் சேற்றில் துடித்த மீன்களை அள்ளித் தின்றது. மறுநாள் தின்ன ஒன்றும் இல்லை.

மஞ்சமுடி கருவேல மரத்துக்கு வந்தான். பின்னால், மழைக்கு முன் அவன் கட்டிய புதுக்கூட்டில் குடியேறியிருந்த மனைவி, முட்டையிடும் நேரம் நெருங்கி, நடுங்கிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் தள்ளி மடையானும் கிளியும். கிளையின் ஓரத்தில், யார் கண்ணையும் பார்க்காமல், சிட்டுக்குருவி.

"தங்கச்சி" என்றான் மஞ்சமுடி. இதுவரை அவளை அவன் அப்படி அழைத்ததே இல்லை. "நடந்தது நடந்துபோச்சு. கட்டிக்க ஒரு நாணல்கூட இல்ல. பழசா, கிழிசலா, எதுவானாலும் பரவாயில்ல. இவளுக்காக ஒரே ஒரு கூடு குடு."

வெள்ளாயி அவன் மனைவியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கடைசியாக இப்படிச் சொன்னாள்:

"அண்ணே, உங்களுக்கு இல்லைன்னு சொல்லணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? குஞ்சுங்க பசியில கத்துனப்பல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் மென்னுக்கிட்டே இருந்தேன். ஆனா அண்ணியைப் பாத்தா மனசு கேக்கல, குடுத்துடத்தான் தோணுது. எதைக் குடுக்கறது? குடுக்கறதுக்கும் கூடு இல்ல, குடுக்கமாட்டேன்னு வீம்பு பண்றதுக்கும் கூடு இல்ல. எல்லாம் மதகுல அழுகிக் கிடக்கு, போய்ப் பாருங்க. தனக்கு வேண்டாததை அடுத்தவங்களுக்கும் உதவாம அழிக்கிறவங்க, தனக்கு வேண்டிவர்ற நாள்ல வெறுங்கையோடதான் நிக்கணும்!"