எட்டுச் சுற்று

"உண்மையைச் சொன்னா ஒண்ணும் விக்க மாட்டேங்குதும்மா," என்றார் தேவசகாயம்.

ஜெய்னம்பு பழைய இசைத்தட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடை அவளுடையது. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஐம்பத்துநான்கு வயதில் உதறிவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்திருந்தார் அவர். அவருக்கென்று ஓர் அலமாரி கொடுத்திருந்தாள். மாதம் முடிவதற்குள் ஒன்றாவது விற்க வேண்டும். இல்லையென்றால் அலமாரி வேறொருவருக்கு.

அன்று மாதக் கடைசி.

"காலையில வந்தவர் என்ன சொன்னார்?"

"நாகஸ்வரத் தட்டைக் கையில எடுத்தார். சீட்டைப் படிச்சுக் காட்டினேன். வச்சிட்டுப் போயிட்டார்."

அந்தக் கடையில் ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். தட்டில் என்ன குறை என்று விற்பவர் தன் கையால் எழுதி வைக்க வேண்டும். அங்கே அலமாரி வைத்திருந்த மற்றவர்கள் ஒரு வரி எழுதுவார்கள். தேவசகாயத்துக்குப் பின்பக்கமும் போதாது.

ஜெய்னம்பு சீட்டை வாங்கிப் படித்தாள். மயிரிழைக் கீறல் மூன்று. உறையின் மூலை மடங்கல். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் தேநீர்க் கறை. விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஆழமான கீறல் ஒன்று.

"தேநீர்தான்னு எப்படிச் சொல்றீங்க? காப்பியா இருந்தா?"

அவர் சிரிக்கவில்லை.

"மறைச்சு வித்தான்னு என்னை யாரும் சொல்லிடக் கூடாதும்மா. இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறைன்னு திரும்பி வந்ததில்ல."

"ஒருத்தர்கூட வாங்கலையே, சார்."

அவள் சீட்டின் கடைசி வரியில் விரல் வைத்தாள்.

"இந்த ஆழமான கீறல் எப்படிக் கேக்குது?"

"போட்டுப் பார்க்கல."

"ஏன்?"

"முள் பட்டு இன்னொரு கீறல் விழுந்துட்டா?"

அவள் எழுந்து மேசை விளக்கை அணைத்தாள். அதன் வெளிச்சத்தில்தான் அவர் தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நாகஸ்வரத் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தாள்.

நாதம் மெல்ல ஏறியது. நீண்ட ஒரு மூச்சின் நடுவே டக் என்றது. சுற்றுக்கு ஒரு டக். எட்டுச் சுற்று. பிறகு இல்லை. வாசித்தவரின் மூச்சு அறுபடவே இல்லை.

தேவசகாயம் பேனாவை எடுத்தார்.

ஜெய்னம்பு முள்ளைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தாள்.

"நான் டீ குடிச்சிட்டு வரேன்," என்று படியிறங்கிப் போனாள்.

அந்தப் பக்கம் முடிந்ததும் அவரே முள்ளை எடுத்து மறுபடி வைத்தார். அதன் பிறகு இன்னொரு முறை. பேனா எங்கே போனதென்று தெரியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் படியேறி வந்த ஒருவர் நாதத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றார்.

"இது விலைக்கா?"

"ஆமா."

"கீறல் ஏதாவது இருக்கா?"

சீட்டு மேசைமேல் கிடந்தது. தேவசகாயம் அதை எடுக்கவில்லை.

"இருக்கு. உட்காருங்க," என்றார். "இப்ப வரும்."