நகராத கயிறு

"தாயே, இனிமே நான் சாமி கும்பிடப் போறதில்லை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள் வடிவுக்கரசி.

மடத்துத் தாயார் வயதில் வடிவின் பெரிய மகனைவிடச் சின்னவள். மடியில் பழந்துணியை விரித்து, ஒரு பெரிய இரும்புக் குண்டுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேள்வி எதுவும் இருக்காம்மா?"

"இருக்கு. இத்தனை வருஷம் மன்றாடி நான் என்னத்தைக் கண்டேன்?"

"அப்ப முதல்ல கைவேலை."

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். கேள்வியோடு வருகிறவர், சாப்பிடப் போகிறவரின் கைவேலையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முற்றத்துக் கல்தூண் பக்கத்தில் மடத்து வேலையாள் மாசாணம் ஒரு கயிற்று நுனியைப் பிடித்தபடி நின்றிருந்தான். வடிவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா, புண்ணியமாப் போகும். இதைப் பிடிங்க. நான் வர்ற வரைக்கும் விட்டுடாதீங்க. சோறு ஆறிப்போச்சு."

கயிறு தூணில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ஏறி, சுவரைத் தாண்டிப் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று வடிவு கேட்கவில்லை. கையில் கனமே தெரியவில்லை. பூத்தொடுக்கிற நாரைப் பிடித்த மாதிரி இருந்தது.

தாயார் இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். குரல் மட்டும் வந்தது.

"இப்பச் சொல்லுங்கம்மா."

"என்னத்தச் சொல்ல? ரெண்டு மகனுங்க. ரெண்டு பேரையும் ஒரு கூரைக்குள்ள இழுத்துப் பிடிச்சிருக்கேன். தினமும் விளக்கேத்தி அழறேன். ஒருத்தன் மனசாவது ஒரு விரக்கடை நகர்ந்துச்சா?"

"நகரலையா?"

"எங்க நகர்ந்துச்சு! பெரியவன் காலேஜில பாடம் நடத்துறான். அவன் என்னைக் கேலி பண்றான். 'நீ எவ்வளவு வேணா தள்ளும்மா, பொருள் நகரலைன்னா செஞ்ச வேலை பூஜ்யம்தான். எங்க புத்தகத்திலயே இருக்கு'ங்கிறான்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். விழாம தாங்கி நிக்கிறதுக்கு என்ன பாடமாம்?"

"அதை யாரு கேட்டா?"

சுவருக்கு அப்பால் ஏதோ இரும்பு உரசியது.

"சின்னவர் எப்படி?"

"அவனா? போன தைப்பூசத்தன்னிக்கு அண்ணன் மேல அரிவாளை ஓங்கிட்டான். நடுவுல போய் நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒண்ணும் நடக்கலை. அதானே சொல்றேன் தாயே, எங்க வீட்டுல ஒண்ணுமே நடக்கலை!"

சுவருக்கு அப்பால் மறுபடி இரும்பு உரசியது.

வடிவுக்கு எரிச்சல் வந்தது. தன் கையைப் பார்த்தாள். இது மட்டும் என்ன வேலை? கயிறும் நகரவில்லை, தானும் நகரவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வெறும் கயிற்றைக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"இந்தக் கயிறும் அப்படித்தான் இருக்கு. விட்டுடலாமா?"

"உங்க இஷ்டம்."

சலிப்போடு விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

சர்ரென்று தூணைச் சுற்றிக் கயிறு ஓடியது. உள்ளங்கை தீயாய்க் காந்தியது. தன்னையறியாமல் இறுக்கினாள். ஒரு சாண் போனதும் கயிறு அப்படியே நின்றது. சுவருக்கு அப்பால் 'ங்ங்...' என்று ஒரு முனகல், நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து அதிர்ந்தது.

நுனியை விடாமல் ஓரடி நகர்ந்து சுவரிலிருந்த சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அவள் பிடித்திருந்த கயிறு உச்சிக் கப்பியில் ஏறி இறங்கி, ஆளுயர வெண்கல மணி ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. பாரத்தின் பெரும்பங்கைத் தூணின் சுற்றுகள் வாங்கியிருந்தன; அவை நழுவாமல் வைத்திருந்தது அவள் பிடிதான். புது மணி, இன்னும் நாக்கு மாட்டாதது. அதன் விளிம்புக்கு நேர் கீழே தாயார் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் போட்ட அந்த இரும்புக் குண்டுதான் மணியின் நாக்கு; அது அவள் கையில்.

மணிக்கும் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட மிச்சமில்லை.

சின்னவனின் ஓங்கிய கை ஏனோ கண்முன் வந்தது. கயிற்றை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"விட மாட்டேன்! தாயே, வெளியே வந்துடுங்க! நான் விட மாட்டேன்!"

தாயார் நிமிரவில்லை. மணிக்குள்ளிருந்து தொங்கிய கொக்கியில் நாக்கை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா? அதான் ஒண்ணுமே நடக்கலையே."